இவ்ரேயாவின் நீலப் பலகை

மாசிமோ பான்ட்சி 2002-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்புப் பள்ளி ஒன்றுக்குப் பாடம் நடத்த வந்தபோது அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வரைகலை, கட்டடக்கலை, பொருள் வடிவமைப்பு என்று படித்துவிட்டு வந்தவர்கள். சாலிடர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள். ஆனால் அவர்கள் செய்ய நினைத்ததெல்லாம் மின்சாரத்தோடு பேசும் பொருள்கள்: கை பட்டால் பதில் சொல்லும் மேசை, ஆள் நடமாட்டத்தை அறிந்து மாறும் சுவர். இப்படியொரு பொருளுக்கு மூளை வைக்க அன்று கிடைத்தது, கலிபோர்னியாவின் பாரலாக்ஸ் நிறுவனம் செய்த பேசிக் ஸ்டாம்ப் என்ற மைக்ரோகன்ட்ரோலர். பொறியாளர்கள் பத்தாண்டுகளாகக் கையாண்டுவந்த பொருள்தான். துணைப் பாகங்களோடு வாங்கினால் ஒன்றுக்கு 100 டாலர் வரை ஆகும். மாணவர்கள் மனத்தில் வைத்திருந்த சில வேலைகளுக்கு அதன் திறனும் போதவில்லை. வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் மெக்கின்டாஷ் கணினியில் வேலை செய்பவர்கள். அவர்களுடைய கணினியோடு எளிதில் பொருந்தும் ஒன்றையும் பான்ட்சி தேடினார்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் அதே பள்ளியில் முதுகலை ஆய்வேடு எழுதிய ஹெர்னாண்டோ பாரகான் என்ற கொலம்பிய மாணவர். அவருடைய ஆய்வேட்டிலிருந்து கிளைத்ததுதான் ஆர்டுயினோ. நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆய்வுக்கூட மேசைகளில் கிடக்கும் அந்தச் சிறிய நீல நிற போர்டு, மின்னணுப் பொறியாளர்களுக்காக உருவானதே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத கலைஞர்களுக்காக, ஒரு வடிவமைப்பு மாணவரின் மேசையில் அதன் கதை தொடங்கியது. அது இவ்ரேயாவில் தொடங்கியதற்கு அந்த ஊரின் பழங்கதையும் ஒரு காரணம்.

ட்யூரின் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், டோரா பால்டேயா ஆற்றங்கரையில் இருக்கிறது இவ்ரேயா. 1908-ல் கமில்லோ ஒலிவெட்டி என்ற பொறியாளர் அங்கே ஒரு செங்கல் கட்டடத்தில் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை தொடங்கினார். அடுத்த அரை நூற்றாண்டில் அந்த ஊரையே ஒரு பெரும் தொழிற்கூடமாக மாற்றியவர் அவருடைய மகன் அட்ரியானோ. தொழிலாளர்களுக்கு வீடு, நூலகம், குழந்தைகள் காப்பகம் என்று கட்டிய அட்ரியானோவுக்குப் பொறியாளர்களும் கலைஞர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பதில் உறுதி இருந்தது. 1930-களின் இறுதியில் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவை லியோனார்தோ சினிஸ்கல்லி கவனித்தார். அவர் கவிஞர், கூடவே படித்த பொறியாளர். பின்னாளில் தொழிலாளர் நலப் பொறுப்பை ஏற்ற பாவ்லோ வொல்போனி நாவலாசிரியர்.

அந்தக் கூட்டு உழைப்பின் விளைவை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950-ல் வந்த லெட்டெரா 22 கையடக்கத் தட்டச்சுப்பொறி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. 1959-ல் வெளிவந்த எலேயா 9003 கணினிக்கு உள்ளே இருந்த மின்னணுவியல் மாரியோ ட்சூவின் குழுவுடையது, வெளித்தோற்றம் எத்தோரே சொட்சாஸ் வரைந்தது. 1965-ல் வந்த ப்ரோக்ராமா 101, மேசை மேல் வைத்துக்கொண்டு ஒருவரே இயக்கக்கூடிய நிரல்படு கணிப்பொறி. பியர் ஜார்ஜோ பெரோட்டோவின் சிறு குழு உருவாக்கிய அதற்கு உருக்கொடுத்தவர் மாரியோ பெல்லினி. கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்வது என்றிருந்த காலத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் விசைகள் இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் இவர்கள்.

இந்த ஊருக்கும் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. வால்டர் குரோப்பியஸ் 1919-ல் வைமர் நகரில் தொடங்கிய அந்தப் பள்ளி, 1923-ல் நடத்திய கண்காட்சியில் கலையும் தொழில்நுட்பமும் இனி ஒன்று என்று அறிவித்தது. அறிவிப்பு எளிது, செய்கை கடினம் என்பதை அடுத்த ஆண்டே மாணவர்கள் கண்டார்கள். வில்ஹெல்ம் வாகன்ஃபெல்டும் கார்ல் யாக்கோப் யுக்கரும் 1924-ல் உலோகப் பட்டறையில் செய்த கண்ணாடி மேசை விளக்கு இன்றளவும் தயாரிப்பில் உள்ள புகழ்பெற்ற பொருள். அதை லைப்சிக் சந்தைக்கு எடுத்துப் போனபோது வியாபாரிகள் சிரித்தார்கள். பார்வைக்கு இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பொருள் போல இருந்த அந்த விளக்கு, உண்மையில் கையால் செய்யப்பட்டதால் விலை அதிகம். தொழிற்சாலையின் மொழியைப் பேசக் கற்ற மாணவர்களுக்குத் தொழிற்சாலை இன்னும் கைக்கு வரவில்லை. மாணவர் வேலைகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் தடை இது. எண்ணம் முன்னே போகும், கருவி பின்தங்கும்.

பௌஹவுஸில் படித்த சாண்டி ஷவின்ஸ்கி, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் இத்தாலிக்குப் போனார். அங்கே ஒலிவெட்டிக்கு விளம்பரச் சுவரொட்டிகள் வரைந்தார். ஸ்டுடியோ 42 தட்டச்சுப்பொறியின் வடிவமைப்பிலும் பங்கெடுத்தார். பௌஹவுஸ் பயிற்சி இவ்ரேயாவுக்கு வந்த முதல் வழி இது.

இன்னொரு வழி அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது. பௌஹவுஸ் ஆசிரியர் லாஸ்லோ மொஹோய்-நாட் 1937-ல் சிக்காகோவில் ‘புதிய பௌஹவுஸ்’ தொடங்கினார். அங்கே ஒளியும் வண்ணமும் கற்பித்த ஜ்யோர்ஜ் கெபெஷ், பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடிக்குப் போய், 1967-ல் கலைஞர்களையும் அறிவியலாளர்களையும் சேர்த்து உட்கார வைக்கும் உயர் காட்சியியல் மையத்தை நிறுவினார். அதே எம்ஐடியில் மீடியா லேப் 1985-ல் திறந்தது. 1990-களின் பிற்பாதியில் அங்கே ஆசிரியரான ஜான் மயேடா, கணினி நிரல் எழுதுவதை ஓவியப் பயிற்சிபோலக் கற்பிக்கலாம் என்று நம்பி, ‘டிசைன் பை நம்பர்ஸ்’ என்ற எளிய நிரல்மொழியை உருவாக்கினார். அவருடைய மாணவர்கள் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-ல் அதை விரிவாக்கி ‘ப்ராசெஸ்ஸிங்’ என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். நிரலை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் உடனே படம் வரும். எழுது, பார், திருத்து. ஓவியர் பென்சிலில் செய்வதைக் கணினியில் செய்ய வழி பிறந்தது.

அந்த கேசி ரீஸ் எம்ஐடியை விட்டு ஆசிரியராகப் போன இடம் இவ்ரேயா.

2001-ல் டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் சேர்ந்து அங்கே ‘இன்டராக்‌ஷன் டிசைன் இன்ஸ்டிட்யூட் இவ்ரேயா’ என்ற பள்ளியைத் தொடங்கின. இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஒலிவெட்டியின் பழைய ஆராய்ச்சி மையமான ‘நீல வீடு’ பள்ளிக்கூடமானது. இயக்குநராக அழைக்கப்பட்டவர் ஜில்லியன் கிராம்ப்டன் ஸ்மித். அதற்கு முன் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கணினி சார்ந்த வடிவமைப்புக்கு ஒரு துறையை உருவாக்கியவர் அவர்.

அந்த லண்டன் துறையில் நடந்த ஒரு மாணவர் வேலையைச் சொன்னால், இவ்ரேயாவில் எதைக் கற்பிக்க நினைத்தார்கள் என்பது விளங்கும். 1992-ல் டரெல் பிஷப் என்ற மாணவர் ஒரு தொலைபேசி பதிலளிக்கும் கருவியை வடிவமைத்தார். யாராவது அழைத்துச் செய்தி சொல்லி வைத்தால் கருவியிலிருந்து ஒரு கோலிக்குண்டு வெளியே உருண்டு வரும். எத்தனை குண்டுகள் நிற்கின்றனவோ அத்தனை செய்திகள். ஒரு குண்டை எடுத்துக் குழியில் வைத்தால் அந்தச் செய்தி ஒலிக்கும். அதையே தொலைபேசியின் மேல் வைத்தால் அழைத்தவரின் எண்ணுக்குத் தானாகப் போன் போகும். பொத்தான்களின் வரிசையோ கையேடோ வேண்டாம். கோலி விளையாடத் தெரிந்த குழந்தைக்கும் விளங்கிவிடும். அது கடைக்கு வரவேயில்லை, மாதிரியாகவே நின்றுவிட்டது. இருந்தும் கைக்குப் பிடிபடும் கணினி வடிவமைப்பைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு மாணவரின் வகுப்பு வேலை ஒரு துறைக்கே திசை காட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பொருள்களை ஓரிரு மேதைகள் மட்டும் செய்யாமல், வகுப்பில் உள்ள எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்றால் கருவி மலிவாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும். பாரகான் கையில் எடுத்தது இதைத்தான். 2003-ல் அவர் தொடங்கிய வேலைக்கு ‘வயரிங்’ என்று பெயர். மாசிமோ பான்ட்சியும் கேசி ரீஸும் ஆய்வு வழிகாட்டிகள்.

அவர் எதைச் சுலபமாக்கினார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் காலில் ஒரு சிறு எல்இடி விளக்கைச் செருகி, ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையச் செய்வது மின்னணுவியலின் அரிச்சுவடிப் பாடம். அந்தச் சின்ன வேலைக்கே அன்று சிப்பின் உள்ளமைப்பைப் பற்றிய தடித்த கையேட்டைப் புரட்ட வேண்டும். எந்த நினைவக முகவரியில் எந்த பிட்டை மாற்றினால் எந்தக் கால் வெளியீட்டுக்குத் தயாராகும் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற ஒரு கருவி, சிப்புக்குள் ஏற்ற வேறொரு கருவி, அவற்றையெல்லாம் கணினியில் நிறுவும் தலைவலி தனி. ஓர் ஓவியர் இந்தக் கட்டத்திலேயே எழுந்து போய்விடுவார். அவர் சொல்ல வந்த விஷயம் சொல்லப்படாமலே போகும்.

பாரகான் அந்தச் சிக்கல்களையெல்லாம் ஒரு திரைக்குப் பின்னால் தள்ளினார். பயனாளருக்குக் கால்களின் எண்கள் மட்டும் தெரியும். 13-ஆம் காலை வெளியீட்டுக்கு வை, அதற்கு மின்சாரம் கொடு, ஒரு நொடி பொறு, மின்சாரத்தை நிறுத்து, ஒரு நொடி பொறு என்று நான்கைந்து வரிகளில் எழுதிவிடலாம். முதலில் ஒருமுறை செய்ய வேண்டியதைச் சொல்ல ஒரு பகுதி, பிறகு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதைச் சொல்ல ஒரு பகுதி, அவ்வளவுதான் நிரலின் கட்டமைப்பு. எழுதும் திரைக்கு, ரீஸும் ஃப்ரையும் உருவாக்கிய ப்ராசெஸ்ஸிங்கின் எளிய முகப்பையே எடுத்துக்கொண்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் போர்டுக்குள் ஏறிவிடும். இன்று உலகெங்கும் மாணவர்கள் ஆர்டுயினோவில் தட்டும் பின்மோடு, டிஜிட்டல்ரைட், அனலாக்ரீட் ஆகிய கட்டளைகள் பாரகானின் வயரிங்கில் வந்தவைதான்.

வன்பொருளில் அவர் ஒன்றுக்கு மேற்பட்ட சிப்புகளை முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் அட்மெல் நிறுவனத்தின் அட்மெகா128-க்கு வந்து சேர்ந்தார். இவ்ரேயாவிலேயே போர்டுகளை அச்சிட்டுச் சக மாணவர்கள் கையில் கொடுத்தார். 2004-ல் ஆய்வேடு முடிந்தது. சுற்று வரைபடம், மென்பொருள் எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வைத்தார்.

பள்ளியின் வகுப்புகளில் வயரிங் போர்டு நுழைந்ததும் வேலையின் போக்கு மாறியது. அன்றாடப் பொருள்களை வேறொரு கண்ணால் பார்க்கச் சொன்ன ஒரு பாடத்தில், இரண்டு மாணவர்கள் ஒரு ஜோடித் தொலைபேசிகளைச் செய்தார்கள். இந்த முனையில் பேசுபவர் தொலைபேசியின் கம்பியைப் பிடித்து இழுத்தால், எங்கோ இருக்கும் அந்த முனையில் மற்றவரின் கம்பி சுருங்கும். இரண்டு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து வம்பு செய்துகொள்ளலாம். குரலை மட்டும் கடத்திவந்த கருவியில், எதிரே இருப்பவரின் கையை உணர முடிந்தது. இதைச் செய்ய அவர்களுக்கு மோட்டாரும் சென்சாரும் வேண்டியிருந்தன. ஆனால் யோசிக்கும் நேரத்தை அவை விழுங்கிவிடவில்லை. வயரிங் கொடுத்த விடுதலை அதுதான்.

இனி 2005. மலிவான போர்டு வேண்டும் என்ற தேவை இன்னும் தீரவில்லை. பான்ட்சி, பள்ளிக்கு வந்திருந்த ஸ்பெயின் நாட்டு மின்னணுப் பொறியாளர் டேவிட் குவார்டியேஸ், இவ்ரேயா மாணவர் டேவிட் மெல்லிஸ் ஆகியோர் வயரிங்கை அடிப்படையாக வைத்து, விலை குறைந்த அட்மெகா8 சிப்பில் இயங்கும்படி ஒரு தனிக் கிளையை உருவாக்கினார்கள். போர்டு தயாரிப்பை ஜியான்லூக்கா மார்ட்டினோ ஏற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதே வகை வகுப்புகளை நடத்திவந்த டாம் ஐகோ பின்னர் சேர்ந்தார். 1002-ல் இத்தாலியின் அரசராக முடிசூடி இரண்டே ஆண்டுகளில் அரியணை இழந்த இவ்ரேயாவின் ஆர்டுயின் பெயரில் ஊரில் ஒரு மதுக்கடை இருந்தது. பான்ட்சி வழக்கமாகப் போகும் கடை. புதிய போர்டுக்கும் அந்தப் பெயரே வந்தது.

அவர்கள் மனத்தில் வைத்த விலை சுமார் 30 டாலர். வெளியே போய் ஒருவேளை பீட்சா சாப்பிடும் செலவுக்குள் ஒரு போர்டு கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. மற்ற சர்க்யூட் போர்டுகள் பச்சையாக இருக்க, இதற்கு நீலம் பூசினார்கள். பின்புறத்தில் இத்தாலியின் சிறிய வரைபடத்தை அச்சிட்டார்கள். இவை அலங்காரம் என்று தோன்றலாம். எலக்ட்ரானிக்ஸைக் கண்டு ஒதுங்குபவரைத் தயங்காமல் கையில் எடுக்க வைப்பதும் வடிவமைப்பின் வேலைதான், ஒலிவெட்டி ஊரில் அது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அன்று.

முதலில் 300 வெற்றுப் போர்டுகள் அச்சாயின. மாணவர்களிடம் கொடுத்து, இணையத்தில் இருக்கும் குறிப்புகளைப் பார்த்து நீங்களே பாகங்களைப் பொருத்தி ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். முதலில் வந்த வேலைகளில் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் ஓர் அலாரக் கடிகாரம். அது அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று பொத்தானை அழுத்தினால் கடிகாரம் சற்று மேலே ஏறிக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் இன்னும் மேலே. கடைசியில் எழுந்து நின்றால்தான் கைக்கு எட்டும். சோம்பலுக்கு எதிராக இதைவிட அன்பான இயந்திரத்தைச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் பள்ளியின் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. நிதி வறண்டது. 2005-ல் பள்ளி இவ்ரேயாவை விட்டு மிலனுக்குப் போய் டோமஸ் அகாடமியோடு இணைந்தது. உழைப்பெல்லாம் மூடப்படும் பள்ளியோடு முடங்கிவிடக் கூடாது என்ற கவலை ஆர்டுயினோவின் வடிவத்தையும் நிரலையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டதற்கு ஒரு காரணம். நான்கைந்து ஆண்டுகளே இயங்கிய பள்ளி அது. அந்தக் குறுகிய காலத்தில் அது உலகுக்குக் கொடுத்ததைப் பல பெரிய பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டில்கூடக் கொடுத்ததில்லை.

திறந்த உரிமம் கொடுத்த வேகம் பெரியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரெட் பர்ன்ஸ் 1979-ல் தொடங்கிவைத்த ஐடிபி என்ற துறை, கலைஞர்களைக் கணினியோடு பழக்குவதற்கென்றே ஏற்பட்டது. 2006-ல் அங்கே சில மாணவர்கள் ‘பொட்டானிகால்ஸ்’ என்ற வேலையைச் செய்தார்கள். தொட்டியில் உள்ள செடியின் மண் காய்ந்தால் செடியே போன் செய்து தண்ணீர் கேட்கும். தண்ணீர் ஊற்றினால் மறுபடி போன் செய்து நன்றி சொல்லும். அதே காலத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த லியா பூக்லி, துணியில் ஊசி நூலால் தைக்கக்கூடிய ஒரு போர்டைச் செய்தார். மின்சாரம் பாயும் நூல் கம்பிக்குப் பதிலாக அமைந்தது. ஆர்டுயினோ குழுவோடு சேர்ந்து அது 2007-ல் ‘லில்லிபேட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சைக்கிள் ஓட்டுபவர் திரும்பும் பக்கத்தை முதுகில் ஒளிரும் அம்புக்குறியால் காட்டும் சட்டை பூக்லி செய்து காட்டியவற்றில் ஒன்று.

பின்னர் பூக்லியும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்கள் திரட்டிப் பார்த்த வேலைகளில், லில்லிபேடில் செய்தவற்றில் 65 சதவீதம் பெண்களுடையவை. சாதாரண ஆர்டுயினோவில் அது 2 சதவீதம் மட்டுமே. இரண்டிலும் உள்ளே ஓடுவது ஏறக்குறைய அதே சிப்தான். செவ்வகப் பலகைக்குப் பதில் பூ வடிவம், சாலிடருக்குப் பதில் தையல். இந்த மாற்றம் மட்டுமே யார் உள்ளே வருகிறார்கள் என்பதை இவ்வளவு மாற்றியிருக்கிறது. தொழில்நுட்பத்துக்குக் கலை மேல்பூச்சு என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2011 வாக்கில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அசல் ஆர்டுயினோ போர்டுகள் விற்றிருந்தன. நகல்கள் அந்தக் கணக்கில் இல்லை. முப்பரிமாண அச்சுப்பொறிகளை வீட்டிலேயே கட்டலாம் என்று காட்டிய ரெப்ரேப் இயக்கமும் ஆளில்லா விமானங்களைக் கட்டியவர்களும் தொடக்கத்தில் இந்த போர்டுகளையே நம்பினார்கள்.

புகழ் வளர வளர, ஒரு பெயர் மட்டும் மங்கியது. ஆர்டுயினோவின் வரலாறு பெரும்பாலும் 2005-லிருந்து, மதுக்கடையில் நடந்த பேச்சிலிருந்து, ஐந்து நிறுவனர்களிலிருந்து சொல்லப்பட்டது. அந்த ஐவரில் பாரகான் இல்லை. வயரிங்கை அடிப்படையாகக் கொண்டது என்ற குறிப்பு ஆர்டுயினோ தளத்தில் இருந்தது உண்மை. ஆனால் அடிக்குறிப்பு வரலாறாகிவிடாது. 2016-ல் பாரகான், தன் ஆய்வேட்டின் படங்கள், நிரல் வரிகள், மின்சுற்று வரைபடங்கள் எல்லாவற்றையும் வைத்து ஆர்டுயினோவின் சொல்லப்படாத வரலாறு என்ற நீண்ட கட்டுரையை வெளியிட்டார். வயரிங்கை ஒன்றாக வளர்க்காமல் தனக்குச் சொல்லாமலே ஒரு கிளை பிரிந்தது என்பது அவர் ஆதங்கம். ஏறக்குறைய அதே காலத்தில் ஆர்டுயினோவின் நிறுவனர்களுக்குள்ளேயே வணிகப் பெயரின் உரிமை பற்றி வழக்குகள் நடந்தன. 2016 அக்டோபரில்தான் அவை சமரசமாயின. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் ஆர்டுயினோவை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

திறந்த உரிமத்தில் வெளியிட்டதை இன்னொருவர் எடுத்து மாற்றுவதைச் சட்டம் தடுக்காது, தடுக்கவும் கூடாது. பான்ட்சியும் குழுவினரும் செய்த வேலையும் சின்னதன்று. விலையைக் குறைத்ததும், ஆவணங்கள் எழுதியதும், உலகம் முழுக்கச் சமூகமொன்றைக் கட்டியதும் அவர்கள். ஆனால் ஒரு மாணவரின் ஆய்வேடு அடித்தளமாக இருக்கும்போது அந்தப் பெயரை முதல் பக்கத்தில் எழுதுவது குறைந்தபட்ச நேர்மை. வாகன்ஃபெல்டின் விளக்குக்கு அவர் பெயர் நிலைத்தது. பிஷப்பின் கோலிக்குண்டு கருவி கடைக்கு வராமலேயே அவர் பெயரைச் சுமக்கிறது. கோடிக்கணக்கான முறை தட்டப்படும் கட்டளைகளை எழுதிய பாரகானுக்கு அது தாமதமாகவே கிடைக்கிறது.

இவ்ரேயா நகரை ‘20-ஆம் நூற்றாண்டின் தொழில் நகரம்’ என்று 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது ஒலிவெட்டிக் கட்டடங்களுக்குக் கிடைத்த மரியாதை. அங்கே நடந்த கடைசிப் பெரிய காரியம் 21-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஆர்டுயினோவும் அதன் நகல்களும் கடைக்குக் கடை கிடைக்கின்றன. ப்ராஜெக்ட் காலத்தில் பொறியியல் மாணவர்கள் அங்கே அலைவதைக் காணலாம். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் வழியாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைக்கும் அந்த போர்டு வந்துவிட்டது. கோடு பார்த்து ஓடும் வண்டி, தானாகத் தண்ணீர் விடும் தொட்டி என்று அவர்கள் செய்வது நல்ல வேலைதான். ஆனால் பெரும்பாலும் கருவி வேலை செய்கிறதா என்பதோடு மதிப்பெண் முடிந்துவிடுகிறது. அதைத் தொடுபவருக்கு என்ன தோன்றும், பாட்டி ஒருவரால் அதைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர் குறைவு. ரிச்சி தெருவிலிருந்து சில கிலோமீட்டரில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி, தொழிற்கலைப் பள்ளியாக வளர்ந்து, மட்பாண்டமும் மரச்செதுக்கு அச்சும் புகைப்படமும் கற்பித்த இடம். கலையும் தொழிலும் ஒன்றாக இருந்த மேசை சென்னையில் பௌஹவுஸுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் முன்பே போடப்பட்டிருந்தது.

பொறியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் குழுக்களைப் பிரிக்கும்போது ஒரு குழுவிலாவது ஓவியமோ சிற்பமோ படிக்கும் மாணவர் ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். செய்ய வேண்டியது என்ன என்று முடிவெடுக்கும் உரிமையை அவருக்கும் கொடுங்கள். மாணவர்கள் எழுதிய நிரலையும் வரைபடத்தையும் அலமாரியில் பூட்டாமல், அவரவர் பெயரோடு இணையத்தில் வெளியிடுங்கள். பாரகானின் ஆய்வேடும் அவர் எழுதிய வரலாறும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் வகுப்பில், எல்இடியை எரிய வைப்பதற்கு முன், அவற்றை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.